அம்மா பெயரில் ஓர் இரங்கலுரை

“என் இல்லத்தின் கலங்கரை விளக்கமே!” என்று பெடியாக்கோ ஒலிபெருக்கியில் வாசித்தபோது, அவன் அக்கா அஃப்ரியே தலையில் அடித்துக்கொண்டாள்.

கானாவின் நடுவிலிருக்கும் இந்தக் குமாசியில் கடல் எங்கே, கலங்கரை விளக்கம் எங்கே! போன சனிக்கிழமை அடக்கம் செய்த பக்கத்துத் தெருத் தச்சரும் இதே கலங்கரை விளக்கமாகத்தான் போய்ச் சேர்ந்தார்.

அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் மனைவி சொல்லும் இரங்கலுரையை மகன் வாசிப்பது வழக்கம். அம்மா சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தடியனோ கைப்பேசியில் செயற்கை அறிவிடம் எழுதி வாங்கியிருந்தான்.

“இப்பல்லாம் யாரு அக்கா உட்கார்ந்து எழுதுறா? அது எழுதினா கல்லும் அழும்” என்று காலையில் பீற்றிக்கொண்டான் வேறு.

அப்பா தினமும் விடியலில் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாராம். அவள் காய்ச்சலில் கிடந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து கால் பிடித்துவிடுவாராம். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லையாம்.

த்தூ!

ஃபுஃபுக் களிக்குக் கிழங்கு இடிக்கிற உலக்கையால் அம்மாவின் முழங்கையை உடைத்த மனுஷன். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அதே தெரு இப்போது பந்தலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

அந்த இயந்திரத்துக்கு உலக்கை தெரியுமா, முழங்கை தெரியுமா? செத்தவன் எவனாக இருந்தாலும் ஒரே சட்டையை மாட்டி அனுப்புகிறது.

எதிர் வரிசையில் அத்தைமார், அப்பாவின் கூடப்பிறந்தவர்கள். அவர் செத்ததிலிருந்து அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை ஒரு சொட்டு வரவில்லை. புருஷனுக்கு அழாதவள் அவனுக்கு எதையோ வைத்துக் கொன்றவள் என்று சொல்லி, நாளைக்கே அவளை வெளியே தள்ளுவார்கள். வீடு அவர்கள் குடும்பத்துடையது.

தள்ளினால் தள்ளட்டும். அதற்காக இந்த அசிங்கத்தை அம்மாவின் வாயில் திணிப்பதா? ஊர் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று, மைக்கைப் பிடுங்க எழுந்தாள் அஃப்ரியே.

பக்கத்தில் இருந்த அம்மா அவளுடைய கறுப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள். அம்மாவின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. தோள் குலுங்கியது. அது நடிப்பில்லை.

“உட்காருடி. இப்படி எழுதி வாங்கச் சொன்னதே நான்தான். உங்கப்பனுக்காக எனக்கு அழ வரல. இவன் வாசிக்கிறானே, கஞ்சி காய்ச்சிக் கொடுத்த ஒரு ஆளு, அந்த ஆளு செத்துட்டானேன்னுதான் அழுறேன்.”