மாமிக்கு ஊர் பார்க்கணும்

“லிஃப்ட் வேண்டாம். படியிலயே இறங்குவோம்” என்று பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள் திரேசம்மாள். தூத்துக்குடியிலிருந்து துபாய்க்கு, மகன் வீட்டுக்குக் கணவரோடு வந்து நாலு நாள்தான் ஆகிறது. இன்றைக்கே ஊரைப் பார்த்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

தேரா கடைத்தெருவில் மகன் பர்னபாஸ் கெஞ்சினான். “அம்மா, அருள்செல்விக்கு முடியல. டாக்சி பிடிக்கட்டா?”

“டாக்சியில போனா ஊர் பார்த்த மாதிரியா இருக்கும்? நடப்போம்.”

தங்கக் கடைகள் வந்தன. ஒரு சங்கிலியைக்கூட அவள் நின்று பார்க்கவில்லை.

“மாமி, கொஞ்சம் உட்காரட்டா?” மருமகளுக்கு மூச்சு வாங்கியது.

“உட்காரப்படாது. என் கையைப் பிடிச்சுக்கோ. அடுத்து என்ன இருக்கு?”

“மணிக்கூண்டு.”

“யால்லா, நட!” வந்த இடத்தில் கற்றுக்கொண்ட ஒரே அரபுச் சொல்.

“உனக்கு நெஞ்சில ஈரமே கிடையாதா?” என்று மாமனார் முறைத்தார். அவள் காதில் வாங்கவில்லை.

மணிக்கூண்டு கண்ணில் பட்ட இடத்தில் அருள்செல்வி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். “மாமி... வலி வந்துட்டு.”

திரேசம்மாளின் முகம் மலர்ந்தது. “எலேய், இப்பப் பிடிலே டாக்சியை! ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்கும் வலி வரலன்னா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொன்னாருல்லா?”

“அப்ப மணிக்கூண்டு?” என்றார் மாமனார்.

“அதைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தேன்?”

டாக்சியில் ஏறியதும் பையைத் திறந்தாள். உள்ளே, பிள்ளையை ஏந்துவதற்குத் துவைத்து மடித்த பழைய வேட்டித் துணிகள்.