காய்ந்த தரை

தரை காய்ந்து கிடந்தது.

இன்றைக்கும்.

காருக்கு அடியில் படுத்திருந்த நாயை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, போர்ட்டிகோ சிமெண்டில் கன்னத்தை வைத்து டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. எழுந்து பானெட்டைத் திறந்தான். எஞ்சினைக் குளிர வைக்க ராத்திரி கோடு வரைக்கும் ஊற்றி வைத்த பச்சைக் கூலன்ட் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

எங்கேதான் போய்த் தொலைகிறது?

பத்து வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே கதவு. கல்லூரி நாளிலிருந்து கண்ட கனவு, வீட்டுக்கு வந்த பத்தாம் நாளே கொதிக்க ஆரம்பித்துவிட்டது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

மூன்று மெக்கானிக்குகள் பார்த்தாயிற்று. ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். ஒருவன் ரேடியேட்டர் மூடியை மாற்றினான். அடுத்தவன் தெர்மோஸ்டாட்டை மாற்றினான். மூன்றாவது ஆள் எதையும் மாற்றவில்லை. வெளியே ஒழுகினால் தரை நனைய வேண்டும், நனையவில்லை என்றால் எஞ்சினுக்குள்தான் போகிறது, பிரித்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

எஞ்சினைப் பிரிப்பதாம்! அன்றைக்கெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மையைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று முந்தாநாள் ராத்திரி காருக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தான். விடிந்து பார்த்தால் தாளின் நடுப்பகுதி மட்டும் கந்தல். ஒரு துண்டு கரடியின் வாயில்.

கரடி அவர்கள் வீட்டு நாய். கறுப்பு, சடை சடையாக முடி. தெருவில் கிடந்த குட்டியை அவன் மனைவி வாணி தூக்கி வந்து வளர்த்தாள். அது சாப்பிட்ட பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள். கார் வந்த நாளிலிருந்து அதற்கு அடியில்தான் அதன் படுக்கை. எத்தனை விரட்டினாலும் போய்ப் புகுந்துகொள்ளும்.

சனியனே என்று முதுகில் ஒன்று வைத்தான்.

அப்போதும் அது தாளை விடவில்லை.

நேற்று வாணி வந்து நின்றாள். "ஏங்க, கரடி குண்டான் குண்டானாத் தண்ணி குடிக்குது. நடந்தா கால் பின்னுது."

"உன் நாயாவது குண்டான்ல குடிக்குது. என் காரு கேன் கேனாக் குடிக்குது."

அவள் சிரிக்கவில்லை.

இன்று காலையில் இழுத்துப் போட்ட இடத்திலேயே கரடி கிடந்தது. எழுந்திருக்கவில்லை. வாயில் நுரை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்றாள் வாணி. அவனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பேர்போன மெக்கானிக் சகாயம் அண்ணனிடம் பத்து நாளாகக் கெஞ்சி வாங்கிய நேரம் இது. அவரும் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் இந்தக் கார் கதை முடிந்தது. ஆட்டோவில் போ என்றான்.

அவள் பழைய புடவையில் நாயைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள்.

பட்டறைக்குக் கிளம்பிச் சுந்தராபுரம் போவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. எஞ்சின் சூட்டை இறக்க ஹீட்டரை முழுசாகத் திருப்பினான். சித்திரை வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போகிற ஒரே ஆள் கோயமுத்தூரில் இவனாகத்தான் இருப்பான். பக்கத்தில் வந்த பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

போன் அடித்தது. வாணி. துண்டித்தான்.

மறுபடி அடித்தது. துண்டித்தான்.

பட்டறையில் சகாயம் அண்ணன் வளவளவென்று பேசவில்லை. காரை லிஃப்டில் ஏற்றினார். அடியில் போய் நின்றார். விளக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

மூன்றாம் முறை போன். வேர்வைக் கையால் அதையும் துண்டித்தான்.

"இங்க பாருங்க தம்பி." சகாயம் அண்ணன் விரல் நுனியைக் காட்டினார். பச்சையாக ஈரம். "வாட்டர் பம்பு ஓரம். வண்டி ஓடறப்ப சூட்டுல ஆவியாப் போயிருது. நிறுத்தி எஞ்சின் ஆறுறப்பச் சொட்டுது. பிரிக்கறதெல்லாம் வேண்டாமுங்க."

அவர் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சை இழுத்து விட்டான்.

"ஆனா சொட்டுனது தரையில தெரிஞ்சிருக்கோணுமே?"

"இல்லீங்கண்ணா. தெனமும் விடிஞ்சதும் பார்க்கறேன். தொடச்சு வெச்ச மாதிரி இருக்கும்."

சகாயம் அண்ணன் பழந்துணியில் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"வீட்டுல நாய் இருக்குதுங்களா?"

அவன் தலையாட்டினான்.

"இந்தக் கூலன்ட்டு தித்திக்குமுங்க தம்பி. அத்தனையும் விஷம். அதுகளுக்குத் தெரியாதில்ல."

நடுவில் மட்டும் கிழிந்த தாள் கண் முன்னே வந்தது. அந்த முதுகில் தான் வைத்த அடியும்.

நான்காம் முறை போன் அடித்தது.

எடுத்தான்.

"ஏங்க." வாணி அழுது முடித்த குரலில் பேசினாள். "என்னத்தத் தின்னுச்சுன்னு தெரிஞ்சா மருந்து போட்டுப் பார்க்கலாம்ங்கறாரு டாக்டரு. அப்பவே புடிச்சுக் கேட்டுட்டு இருக்காரு. எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

அவன் வாயைத் திறந்தான்.

மேலே பம்பின் விளிம்பில் பச்சையாக ஒரு சொட்டு திரண்டு, விழுந்தது.

பட்டறைத் தரையில் அது அப்படியே இருந்தது.