காக்கை கத்திய பிறகு

அணிலம்மாவின் குட்டியைப் பூனை கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. அவள் அழுதுகொண்டே காக்கையிடம் சொல்ல, காக்கை தோட்டம் முழுக்கப் பறந்து கத்தியது.

"அணில்குட்டியைப் பூனை தூக்கிட்டுப் போகுது! பாத்தவங்க சத்தம் போடுங்க!"

அணிலம்மா காதைத் தீட்டிக்கொண்டு கிளையில் காத்திருந்தாள். எங்கிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை.

பொழுது சாயும் நேரம் கோழியிடம் போனாள். "அக்கா, உங்க வாசல் வழியாத்தானே அது போயிருக்கணும். பாக்கலியா?"

"எங்கடி பாக்க? காக்கா கத்தினதுமே என் பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன். எட்டிக்கூடப் பாக்கல."

பக்கத்து மரத்து மைனாவும் அதையேதான் சொன்னாள்.

கோழிக்கூட்டை ஒட்டியே, ஈர மண்ணில் பூனையின் காலடிகள் இருந்தன. அணிலம்மா குனிந்து பார்த்தாள். ஓடின தடமாகத் தெரியவில்லை. நிதானமாக நடந்துபோன தடம்.