அரைத்த மாவு

"புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துடவா, அண்ணி?"

"வேணாம்ப்பா. உங்க அண்ணன் என்ன வச்சிருந்தார்னு மட்டும் சொல்லு."

கொரியாவின் புசான் நகர அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த சாங்வூ போன மாதம் இறந்துபோயிருந்தார். அவர் மனைவி மியோங்சுக், அங்கே கணினிகளைக் கவனிப்பவனும் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகியவனுமான கியூதேவின் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அது எனக்கே தெரியாது, அண்ணி. இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுற யூனிக்ஸ், பாஸ்வேர்டை அரைச்சுத்தான் வச்சிருக்கும். மாவிலிருந்து அரிசியைத் திருப்பி எடுக்க முடியுமா? நீங்க ஒரு சொல் சொன்னா, அதையும் அதே மாதிரி அரைச்சு, ரெண்டும் ஒண்ணான்னு பார்க்கலாம்."

அவள் தன் பெயரைச் சொன்னாள். பொருந்தவில்லை. கல்யாண நாளும் பொருந்தவில்லை. கடைசியாக, "யூனா" என்றாள்.

திரையில் 'பொருந்துகிறது' என்று வந்தது.

கியூதேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் இந்த யூனா? அண்ணனா இப்படி? புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இந்த வேதனை வேறு எதற்கு என்று, "இதுவும் இல்ல, அண்ணி" என்றான்.

"எனக்குத் தெரியும்." அவள் எழுந்துகொண்டாள். "பொறந்த அன்னைக்கே போயிட்டா எங்க பொண்ணு. பேர் வச்சதே அவர்தான். அப்புறம் ஒரு தடவகூட அந்தப் பேர் அவர் வாயில வரல. மனுஷன் மறந்தே போயிட்டார்."

கதவருகே போய்விட்டவளை, "அண்ணி!" என்று கூப்பிட்டான் கியூதே. திரையை அவள் பக்கம் திருப்பினான்.