ஒரு கை

நாடுகளுக்குப் போட்டுவந்த பொருளாதாரத் தடையை இப்போது வீடுகளுக்கும் போட ஆரம்பித்திருந்தார்கள். மகன் வேலை பார்த்த கப்பல் தடை விழுந்த நாடு ஒன்றுக்குப் போய்விட்டது. தண்டனை, தூத்துக்குடியில் உப்பு மூட்டை சுமக்கும் அப்பன் தொம்மைக்கு. சுமந்த மூட்டைக்குக் கூலி உண்டு. ஆனால் அவருக்கு உதவுகிறவன் வீட்டுக்கும் தடை விழும். ரேஷன் கடையும் ஆஸ்பத்திரியும் கதவைச் சாத்திவிடும்.

உப்பு மூட்டையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது.

“ஏலே கொம்பையா, ஒரு கை குடுல,” என்றார் தொம்மை.

இத்தனை வருஷமாக அவருக்குக் கை கொடுத்துவந்த கொம்பையா, தலைத்துண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். பெண்டாட்டிக்கு நாளைக்கு டயாலிசிஸ். உப்புக் கிடங்கின் கூரையிலிருந்து கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

தொம்மை முட்டிபோட்டுத் தானே தூக்கிப் பார்த்தார். மூட்டை சரிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொம்பையா தன் மூட்டைக்குக் குனிந்தான். பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது: “அண்ணே, ஒரு கை.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் தொம்மை எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்திருந்தார்.

“தூக்குல. நீ எனக்குக் குடுக்கத்தான் தடை. நான் ஒனக்குக் குடுக்க ஒரு தடையும் இல்ல.”

மூட்டை தலைக்கு ஏறியது. இனித் தலை குனிய வழியில்லை. எதிரே நின்ற தொம்மையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடிதான் கொம்பையா நடக்க வேண்டியிருந்தது.