மூக்கும் முதல் வடிப்பும்

போன குளிர்காலக் காய்ச்சலோடு மில்ஹெமுக்கு மூக்கு செத்துப்போனது அவன் மனைவி அஃபீஃபாவுக்கு மட்டும்தான் தெரியும். அரக் சாராயம் வடிக்கிறவனுக்கு வாசனை தெரியாது என்று ஸாஹ்லே ஊரில் வெளியே வந்தால், கொப்பரையைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

முதலில் வடிவது முழங்கால் வலிக்குத் தேய்க்கத்தான் ஆகும். நல்லது எப்போது வருகிறதென்று வாசனைதான் சொல்லும். இப்போதெல்லாம் அஃபீஃபா பின்னால் நின்று மோந்து அவன் முதுகைத் தொடுவாள். அவன் ஜாடியை மாற்றுவான்.

இன்றைக்கு வந்திருந்த உஸ்தாத் தௌஃபீக், நாற்பது நாட்டுச் சின்னச் சின்ன வடிசாலைகளைப் போய்ப் பார்த்து எழுதுகிறவர். ஊர் வழக்கப்படி இருவரையும் அவர்கள் மூத்த மகன் நக்லேயின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"நக்லே அம்மா, நீங்க இப்படி என் எதிர்ல உக்காருங்க."

"நான் பக்கத்துல இல்லேன்னா இவருக்குக் கை ஓடாது, உஸ்தாத்."

"ஒரு நாளைக்கு ஓடட்டுமே."

உட்கார்ந்தாள். மில்ஹெம் குத்துமதிப்பாக ஜாடியை மாற்றி, அதிலிருந்து மூன்று கிளாஸ் பிடித்து வந்தான். தன் கிளாஸை மோந்து, திருப்தியாகத் தலையாட்டினான்.

"அடடா, என்ன வாசனை," என்றார் உஸ்தாத்.

மில்ஹெமுக்கு மூச்சு வந்தது. அஃபீஃபா கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். எவ்வளவு அடக்கியும் முகம் கோணிவிட்டது.

உஸ்தாத் குடிக்காமலே கிளாஸைக் கீழே வைத்தார்.

"நக்லே அப்பா, உங்களுக்கு எப்ப போச்சு மூக்கு?"

மில்ஹெம் அவர் வைத்த கிளாஸைப் பார்த்தான். "நல்ல வாசனைன்னு சொன்னீங்களே, உஸ்தாத்?"

"எல்லா ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவேன். எனக்குப் போயி ஆறு வருஷமாச்சு. அதுக்குத்தானே உங்க வீட்டம்மாவ எதிர்ல உக்கார வச்சேன்."