சிவப்பு மூடி

தகுதிச் சான்றுக்கு எஃப்.சி. காட்டுவதற்காக டிரெய்லருக்குப் பெயின்ட் அடித்தபோது, சக்கரத்தின் நடுமூடிக்கும் சிவப்பு கிடைத்தது. அன்றிலிருந்து அதற்குத் தலைகால் புரியவில்லை.

உள்ளே ஆயிலைக் காக்கும் ரப்பர் சீல் கசிய ஆரம்பித்தது. ஆயில் பிரேக் வரைக்கும் போய்விட்டது.

“ஆளைக் கொல்லப் பார்க்கிறியே, வெட்கமா இல்ல?” என்றது மூடி.

“வண்டி சூடானா உள்ள காத்து நெருக்குதுண்ணே. தாங்க முடியல,” என்றது சீல்.

மெக்கானிக் ஜெபமணி அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது சீல் போட்டார். மூடி சிரித்தது. புது சீலும் கசிந்தது.

ஜெபமணி மூடியின் நெற்றியை ஊசியால் சுரண்டினார். உஸ்ஸென்று காற்று சீறியது.

“அடப்பாவிகளா, மூச்சு விடுற ஓட்டையில பெயின்ட்ட அப்பியிருக்கானுங்க.”

 மூடிக்கு எதிரே புழுதியில் பழைய சீல் கிடந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.